ஓடையை மறித்த ரதி

வீரய்யா மாமாவை எங்கள் தோட்டத்தில் வருஷத்துக்குப் பதினொரு மாதம் ஆம்பிளையாகவும் ஒரு மாதம் பொம்பிளையாகவும் பார்த்துப் பழகியிருந்தார்கள். பதினொரு மாதம் அவர் கான் வெட்டுகிறவர். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு ஓடாமல் சாய்வாக வெட்டி இறக்குகிற வாய்க்காலுக்குத்தான் எங்கள் பக்கம் கான் என்று பெயர். மாசி பிறந்ததும் மீசையை வழித்துவிடுவார். பகலில் கையில் மண்வெட்டி இருக்கும், பொழுது சாய்ந்தால் கண்ணாடி வந்துவிடும். காமன் கூத்தில் அவர்தான் ரதி.

மீசை போன மாமாவை அவர் மனைவி இராக்கம்மா அத்தைக்குப் பிடிக்காது.

“மீச இருந்தா எம் புருசன். இல்லேன்னா என்னையவிட அழகா ஒரு சக்களத்தி வந்து வீட்டுல குந்தியிருக்கா” என்பாள்.

நான் அவர்களுக்குப் பக்கத்துக் காம்பரா. லயம் என்கிற நீள வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே ஓர் அறை. இரண்டுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போக மனமில்லாமல் பாதியில் நின்றுவிட்டது. அதனால் அவர்கள் வீட்டுச் சண்டை எங்களுக்கும் எங்கள் வீட்டுக் கருவாட்டு வாசம் அவர்களுக்கும் பொதுச் சொத்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். கொழுந்து எடுக்கிற நேரம் போக மீதி நேரத்தில் மாமாவைப் பகடி பண்ணுவதுதான் எனக்கு உத்தியோகம். அவருடைய ஆண் வாத்தின் காலில் நான் கூத்துச் சலங்கையைக் கட்டிவிட்ட அன்று, மோகினி நடமாடுகிறாள் என்று லயமே விடியும் வரை கதவைத் திறக்கவில்லை.

வாத்து வந்த கதையைச் சொல்லாமல் மாமாவைப் பற்றிச் சொல்ல முடியாது. மாமாவுக்கு ஒரே மகள். அவள் கட்டிக்கொண்டு போன குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லி அரசாங்கக் கடுதாசி வந்து, அவளும் அவர்களோடு போய்விட்டாள். பதுளை ஸ்டேஷனில் அவளை ரயிலேற்றிவிட்டு, தீபாவளிக்கு ஆட்டுக்குட்டி ஒன்று பார்த்து வருகிறேன் என்று மாமா பசார்ப் பக்கம் போனார். பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாமா தொப்பலாக நனைந்திருந்தார். கையில் குடை இருந்தது. ஆனால் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அதற்குள் வாத்துக் குஞ்சுகள்.

“ஆட்டுக்குட்டி எங்க?” என்று அத்தை கேட்டாள்.

“இதுக நல்லா பேசுதுக, புள்ள” என்றார் மாமா.

அன்றிலிருந்து அத்தை வாயில் நாள்தோறும் அந்த வாத்துகளுக்குச் சாபம்தான். சாபம் கொடுத்துக்கொண்டே தவிடும் பிசைந்து வைப்பாள்.

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோருக்குக் கீழே ஓடை. ஓடை போய்ச் சேருகிற இடத்தில், பழைய காலத்தில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றுவதற்காக வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய குளம். சக்கரம் துருப்பிடித்துப் போயிற்று. துரைமார் கப்பலேறி, தோட்டத்தை அரசாங்கம் எடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. குளத்தை யாரும் எடுக்காததால் வாத்துகள் எடுத்துக்கொண்டன. அவற்றின் தலைவன் நான் சலங்கை கட்டிய அந்த ஆண் வாத்து. அது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மலையை மேற்பார்வை பார்க்கிற மாதிரியே நடக்கும். அதனால் அதற்குக் கண்டாக்கையா என்று மாமா பெயர் வைத்திருந்தார். எங்களை மலையில் வேலை வாங்குகிற அசல் கண்டாக்கையாவுக்கு இந்த மரியாதை இன்றுவரை தெரியாது.

மாமா கரையில் நின்று “தா... தா... தாத்தத்தா” என்றால் போதும், விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி வாத்துகள் வரிசையாக வந்து நிற்கும். வேறு யார் கூப்பிட்டாலும் தலையைக்கூடத் திருப்பாது.

இனிக் கூத்து. தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் எரித்துவிடுவார். ரதி அழுது புரண்டு மூன்றாம் நாள் புருஷனுக்கு உயிர் வாங்குவாள். கதை எல்லாத் தோட்டத்திலும் இதுதான். எங்கள் தோட்டத்தில் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு உண்டு. காமனை எரித்ததிலிருந்து மூன்றாம் நாள் பொழுது சாய அவனை எழுப்புகிறவரை, ரதி கட்டியவர் வெள்ளைச் சேலையை அவிழ்க்கக் கூடாது, முகப்பூச்சைக் கழுவக் கூடாது. மீறினால் காமன் எழும்பமாட்டான். காமன் எழும்பாவிட்டால் மலையில் கொழுந்து வராது, லயத்தில் பிள்ளை வராது. இதை நம்பாதவர்கள் எங்களில் உண்டு. சோதித்துப் பார்க்கத் துணிந்தவர்கள்தான் இல்லை.

அந்த வருஷம் மாமா ஒப்பாரியில் தன்னை மறந்துவிட்டார். காமனுக்காக அழத் தொடங்கியவர் நடுவில் யாருக்காக அழுதாரோ, விடிந்தபோது தொண்டையில் குரல் இல்லை. வெள்ளைச் சேலையோடும் முகத்தில் ரோஸ் பவுடரோடும் குளத்துக்குப் போய் “தாத்தத்தா” என்று வாயைத் திறந்தார். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது. வாத்துகள் அவரை ஒரு தரம் பார்த்தன. பிறகு மொத்தமும் அக்கரைக்குப் போய்விட்டன.

மாமா வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

“பாத்தியா ராசம்மா, நான் மூணு நாளு பேசாம இருந்தா இந்த மனுசனுக்குத் தெரியவே தெரியாது. வாத்து மொகத்தத் திருப்பிட்டாப் பச்சத் தண்ணி எறங்க மாட்டேங்குது” என்றாள் அத்தை.

“வேற ஒரு நல்ல ரதியாப் பாத்து வாத்துக சேந்துக்கிட்டாலும் சேந்துக்கும் அத்த” என்றேன். சுவர்ப் பக்கமிருந்து ஒரு செம்பு பறந்து வந்தது. குரல் போனாலும் குறி போகவில்லை.

மூன்றாம் நாள் காலை. மாலையில் காமனை எழுப்ப வேண்டும் என்று பெண்கள் எல்லாரும் ஓடையில் குத்துவிளக்கும் தாம்பாளமும் தேய்த்துக்கொண்டிருந்தோம். மழையில்லாத மாதம். ஓடை முழங்கால் அளவு தண்ணீரோடு அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. அத்தை திடீரென்று தாம்பாளத்தைக் கீழே போட்டாள்.

“ஏய்! தண்ணியப் பாருங்கடி!”

தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறம். நீலம், ஊதா, பச்சை, நடுவே பொன் கோடு. வளைந்து வளைந்து, விரிந்து விரிந்து, கல்லைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்படி ஓர் அழகை எங்கள் ஓடை பிறந்ததிலிருந்து காட்டியதில்லை.

“காமன் எந்திரிச்சிட்டான்டி!” என்று அத்தை கத்தினாள். “எழுப்புறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிட்டான்! நெறமாத்தான் வருவான்னு எங்கம்மா சொல்லியிருக்கா!”

பெண்கள் எல்லாரும் குலவையிட்டார்கள். யாரோ கோயிலுக்கு ஓடி, எரிகிற கற்பூரத் தட்டைக் கையால் மறைத்தபடி கொண்டு வந்தார்கள்.

“சாமி வந்தா மல்லியப்பூ வாசம் வரும்பாங்க. இது லொறி வாசமா வருதே” என்றேன் நான்.

“வாயக் கழுவு, கழுத!”

வாயைக் கழுவக் குனிந்தேன். அந்தத் தண்ணீரில் வாயைக் கழுவ மனம் வரவில்லை. அப்போதுதான் ஸ்டோர்ப் பக்கமிருந்து ஒருவர் சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உருண்டும் ஓடியும் இறங்கி வந்தார். ஸ்டோர் இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் டைவர் சிவஞானம்.

“கற்பூரத்த அணைங்க! அணைச்சுத் தொலைங்க!”

“ஏன் டைவரய்யா? சாமிக்குக் காட்டுறத அணைக்கச் சொல்லுவாங்களா?” என்றாள் அத்தை.

“சாமி இல்ல இராக்கம்மா! டீசல்!”

பாதியில் நின்ற குலவையை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். விக்கல் மாதிரி இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். கூத்துப் பார்த்த கண்ணோடு டைவர் ஐயா பீப்பாயிலிருந்து இஞ்சின் தாங்கிக்கு டீசலைத் திறந்துவிட்டு, நிறையும் வரைக்கும் சற்றுக் குந்தியிருக்கலாம் என்று குந்தினார். குந்தியவர் தூங்கிவிட்டார். தாங்கி நிறைந்து, வழிந்து, கான் வழியாக இறங்கி ஓடைக்கு வந்துவிட்டது. அவர் எழுந்து குழாயை மூடியபோது பீப்பாயில் மிச்சம் இருந்தது வாசம் மட்டும்.

“இது எங்க போய்ச் சேரும்?” என்று கேட்டுவிட்டு, பதிலை அத்தையே கண்டுபிடித்தாள். “ஐயோ, வாத்து!”

“அதுதான் எனக்கும் பயம்” என்றார் டைவர் ஐயா. “நான் திருகோணமலை ஹாபர்ல இருந்தப்ப பாத்திருக்கேன். றெக்கையில எண்ணெ ஏறுச்சுன்னா பறவ மெதக்காது. கல்லு மாதிரிப் போயிரும்.”

இதைச் சொல்லும்போது வீரய்யா மாமா எங்கள் பின்னால் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. வெள்ளைச் சேலை, ரோஸ் முகம், வழித்த மீசை. வாயைத் திறந்தார், காற்று வந்தது. அவ்வளவுதான், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குளத்தைப் பார்த்து ஓடினார். அவர் பின்னால் நாங்கள் எல்லாரும் ஓடினோம்.

எண்ணெய் ஓடையின் வளைவுகளில் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தது. அதற்குள் வாத்துகளைக் கரையேற்றிவிட்டால் போதும். ஆனால் யார் ஏற்றுவது? டைவர் ஐயா கூப்பிட்டார். பெண்கள் கூப்பிட்டார்கள். மாமாவின் குரலில் “தாத்தத்தா” என்று நான் கூப்பிட்டேன். லயத்துப் பிள்ளைகளையெல்லாம் அந்தக் குரலால் ஏமாற்றியிருக்கிறேன், வாத்துகள் மட்டும் ஏமாறவில்லை. மாமா கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டபோது, வெள்ளையாக ஏதோ படபடக்கிறது என்று அவை பயந்து, எண்ணெய் வந்து விழப்போகிற ஓடை வாய்ப் பக்கமே ஒதுங்கின.

மாமா கையை இறக்கினார். கூத்தில் ரதி தாலியறுக்கும்போதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

“வாத்து வராட்டி எண்ணெய நிப்பாட்டணும்” என்றேன்.

“ஹாபர்ல அப்படித்தான் செய்வாங்க” என்றார் டைவர் ஐயா. “கப்பல்ல எண்ணெ ஒழுகிச்சுன்னா கரைக்கு வரவிடாம மெதக்குற வேலி ஒண்ணு போடுவாங்க. பெரிய பாம்பு மாதிரித் தண்ணி மேல கெடக்கும். தண்ணி போகும், எண்ணெ தாண்டாது.”

“அத எதுல செஞ்சிருந்தாங்க?”

“நான் தூரத்துல நின்னு பாத்தேன்.”

“கிட்டப் போய்ப் பாத்தா என்னாவாம்?” என்றாள் அத்தை.

ஓடைக்குக் குறுக்கே, குளத்துக்குச் சற்று மேலே, மரம் போட்ட ஒற்றையடிப் பாலம் ஒன்று உண்டு. எண்ணெய் எங்கே வருகிறது என்று பார்க்க நான் அதில் ஏறி ஓடினேன். எதிரே ஒரு தலையணைக் குவியல் நடந்து வந்தது. உற்றுப் பார்த்தால் அதன் நடுவில் ஜுனைதீன் நானா இருந்தார். பதுளையிலிருந்து இலவம் பஞ்சுத் தலையணையும் திண்டும் கயிற்றில் கோத்து, முன்னாலும் பின்னாலும் தொங்கவிட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருகிறவர். கூத்து முடிகிற நாளில் சனம் சேர்ந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். இரண்டு பேரும் ஒதுங்க அந்தப் பாலத்தில் இடமில்லை. நான் இடித்தேன். ஒரு தலையணை கழன்று ஓடையில் விழுந்தது.

“அல்லாவே! என்ட தலகாணி!”

அது மூழ்கவில்லை. கப்பல் மாதிரி மிதந்துபோய் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கி நின்றது. அதே நேரம் மேலேயிருந்து முதல் எண்ணெய்ப் படலம் வந்தது. வந்தது தலையணையில் முட்டிக்கொண்டு நின்றது. வெள்ளை உறையில் பழுப்பு ஏறிக்கொண்டே போனது. தலையணைக்குக் கீழ்ப்புறம் தண்ணீர் வெறும் தண்ணீராகப் போனது.

“இதுதான்!” என்று டைவர் ஐயா துள்ளினார். “இந்த மாதிரித்தான் இருந்துச்சு!”

“நானா, தலகாணியக் குடுங்க!” என்று அத்தை கரையிலிருந்து கத்தினாள்.

“குடுக்கத்தானே வந்தீக்கிறேன். எத்தின வேணும்?”

“எல்லாம் வேணும்!”

நானாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. “எல்லாமா? மாஷா அல்லாஹ்! ஆருக்குக் கலியாணம்?”

“ஓடைக்கு!”

அவருக்கு விளங்குவதற்குள் மாமா பாய்ந்து வந்து அவர் கழுத்திலிருந்த கயிற்றை உருவிவிட்டார். பெண் வேஷத்தில் ஓர் ஆள், வாயில் சத்தமில்லாமல், தன்மேல் பாய்ந்ததில் நானா கலிமாவே சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்ததும் பாறையில் குந்தி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

“புது உறை! நேத்துத்தான் தச்ச! எனக்குப் பார்க்க ஏலா!” என்றவர், விரலிடுக்கால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கயிற்றை இக்கரை மரத்தில் கட்டி, அக்கரையில் நான் பிடித்துக்கொள்ள, தலையணைகளும் திண்டுகளும் ஓடைக்குக் குறுக்கே வரிசையாக மிதந்தன. எண்ணெய் வந்து முட்டியது. நின்றது. எல்லாரும் கைதட்டினோம். தட்டி முடிப்பதற்குள், பின்னால் வந்த எண்ணெய் முன்னால் நின்றதைத் தள்ள, அது தலையணைகளுக்கு அடியில் புகுந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

“அடியில நுழையுது!”

“ஆமா ஆமா” என்று டைவர் ஐயா நெற்றியில் அடித்துக்கொண்டார். “அந்தப் பாம்புக்குக் கீழ பாவாட மாதிரி ஒண்ணு தொங்கும். அடியில கனத்துக்கு இரும்பு கட்டியிருப்பாங்க. இப்பத்தான் ஞாபகம் வருது.”

“ஞாபகத்தையும் தொறந்து விட்டுட்டுத் தூங்கிட்டீங்களா?” என்றாள் அத்தை. “நீளத் துணியா வேணும். யாராச்சும் லயத்துக்கு ஓடுங்கடி!”

லயம் மலைக்கு மேலே. ஓடிப் போய் வருவதற்குள் எண்ணெய் குளத்தில் குடியேறிவிடும். பெண்கள் எல்லாரும் தங்கள் தங்கள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி, அங்கே உடுத்தியிருந்த மிக நீளமான, வெள்ளையான துணியைப் பார்த்தார்கள்.

மாமா ஓரடி பின்னால் போனார். கூத்துக்காகக் கையில் கட்டியிருந்த மஞ்சள் காப்பை மற்றக் கையால் பொத்தினார். குளத்தைப் பார்த்தார். கூத்துத் திடல் இருக்கிற மேட்டைப் பார்த்தார். பொழுது சாய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. கொழுந்து வராது, பிள்ளை வராது. பேசி அந்தப் பாவத்தில் பங்கெடுக்க யாருக்கும் மனமில்லை.

அத்தை நேரே அவர்முன் போய் நின்றாள். குடையில் வந்த நாளிலிருந்து அந்த வாத்துகளைச் சபித்து வந்த அதே அத்தை.

“என்னாத்துக்கு முழிக்கிறீங்க? அவுருங்க.”

மாமா தலையை ஆட்டி மேட்டைக் காட்டினார்.

“காமன நான் பாத்துக்கிறேன். எரிஞ்சு போனவன் கொஞ்சம் பொறுத்துக்குவான். வாத்துக்கு அந்தப் பொறும இல்ல” என்று சொல்லி முந்தானையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

ரதி பம்பரமாகச் சுற்றினார். சுற்றி நின்றபோது கீழே கான் வெட்டும் காக்கிக் காற்சட்டையும் மேலே பஞ்சு திணித்த ரவிக்கையுமாக இருந்தார். இந்த அழகை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன். அப்போது மட்டும் ஏனோ சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகம். சேலையின் மேல் கரையைத் தலையணைக் கயிற்றோடு முடிச்சுப் போட்டார்கள். கீழ்க் கரையில், மடியில் வெற்றிலை முடிகிற மாதிரி, கூழாங்கற்களை முடிந்தார்கள். சேலை தண்ணீருக்குள் இறங்கிச் சுவர் மாதிரி நின்றது. ஆனாலும் ஓடையின் வேகம் அதன் நடு வயிற்றில் முட்டி, பானை மாதிரி உப்பச் செய்தது. உப்பிய இடத்தில் எண்ணெய் சேர்ந்து மறுபடியும் அடியில் புகப் பார்த்தது. நான் அக்கரையில் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். காலடியில் பாசி. வழுக்கி விழுந்து, கயிற்றோடு சேர்ந்து கீழ்ப்புறமாகப் பத்தடி போனேன்.

“புடிக்கச் சொன்னா நீச்சலடிக்கிறா பாரு!”

ஆனால் வேலி இப்போது குறுக்கே இல்லை, சாய்வாகக் கிடந்தது. முட்டிய எண்ணெய் நிற்கவில்லை, புகவுமில்லை. தலையணை தலையணையாக நழுவி, நான் விழுந்து கிடந்த கரையோரக் குழிக்கு வந்து சேர்ந்தது. மாமா இரண்டு கையையும் சாய்த்துக் காட்டி, ஊமைப் பாஷையில் “கான்! கான்!” என்றார். நேராக வெட்டினால் உடைக்கும், சாய்த்து வெட்டினால் ஓரமாக வழியும் என்பது எங்கள் தோட்டத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். ஓடையில் வைத்து அது ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் வேண்டுமென்றேதான் விழுந்தேன் என்று பிறகு சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

குழியில் சேர்ந்ததைத் தாம்பாளத்தாலும் சிரட்டையாலும் கற்பூரத் தட்டாலும் வழித்து வழித்து வாளியில் ஊற்றினோம். டைவர் ஐயா வாளி வாளியாகப் பீப்பாய்க்குச் சுமந்தார். பாறையிலிருந்த ஜுனைதீன் நானா எப்போது எழுந்தார், எப்போது அந்த வேலைக்கே கங்காணியானார் என்று தெரியவில்லை.

“அந்த முடிச்ச இறுக்குங்கோ! திண்ட நடுவுக்குப் போடுங்கோ! நெறஞ்ச தலகாணிய எடுத்துட்டு மத்தத வையிங்கோ!” எண்ணெய் குடித்துக் கனத்த ஒரு தலையணையைத் தூக்கிப் பிழிந்து காட்டினார். “பாருங்கோ, தண்ணி ஒரு சொட்டுக் குடிக்கல்ல. எண்ணெயத்தான் தெரிஞ்செடுத்துக் குடிச்சீக்கி. அசல் இலவம் பஞ்சு! கலப்படக்காரன்ட தலகாணிய இப்படிப் போடுங்கோ பார்ப்போம், அடில போய்ப் படுக்கும்!”

வழிக்க இனி எண்ணெய் இல்லை என்று ஆனதும் மாமா குளத்துக்குப் போனார். வாத்துகள் அவரைப் பார்த்துக் கழுத்தை நீட்டின. அவர் ரவிக்கையைக் கழற்றி எறிந்தார். காக்கிக் காற்சட்டையும் கறுத்த முதுகுமாக, தினமும் வருகிற அதே ஆள். கூப்பிடக் குரலில்லை. சும்மா நின்றார். ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. பெரட்டு கூடிவிட்டது. மாமா விரலை நீட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

கண்டாக்கையாவைக் காணவில்லை.

எங்கள் கூச்சலில் அது ஓடை வழியாக மேலே போய்விட்டிருந்தது. இப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. நடையுமில்லை, மிடுக்குமில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்து வரை தண்ணீரில் அமிழ்ந்து, கள்ளுக் குடித்த மாதிரித் தள்ளாடி வந்தது. மாமா குதித்துப் போய் அதை இரண்டு கையாலும் வாரி எடுத்தார். நன்றிக்கு அது அவர் காதைக் கடித்தது.

அத்தை சோறாக்குகிற பானையில் வெந்நீர் வைத்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே வைத்தாள். சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். தண்ணீரை மாற்றி மறுபடியும் கழுவினோம். எண்ணெய் போனது. ஆனால் கண்டாக்கையா நனைந்த காலுறை மாதிரிச் சுருங்கி நடுங்கிக்கொண்டிருந்தது.

“டீசல் போச்சு. அதோட சேந்து அதுக்குச் சொந்தமா உள்ள எண்ணெயும் போயிருக்கும்” என்றார் டைவர் ஐயா. “அது அலகால கோதிக் கோதி மறுபடி பூசிக்கணும். அதுக்கு முன்னாடி தண்ணில விட்டா முழுகிரும். பூசிக்கிற அளவுக்கு உசுரு நிக்குமான்னும் தெரியல.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீசல் கையால் துடைத்ததில் இன்னும் எரிந்து, இன்னும் துடைத்தார்.

பொழுது சாய்ந்தது. திடலில் பெரிய தலைகள் கூடிக் குசுகுசுத்தார்கள். ரதியின் சேலை எண்ணெய்த் துணியாகக் கிடக்கிறது, கட்டுப்பாடு உடைந்துவிட்டது, என்ன செய்வது என்று. அத்தை தன் தகரப்பெட்டியிலிருந்து கலியாணக் கூறையை எடுத்து வந்து மாமாவுக்குக் கட்டிவிட்டாள். சிவப்புக் கூறை.

“தாலியறுத்தவ செவப்புக் கட்டுறதா?” என்று ஒருவர் கேட்டார்.

“புருசன் இன்னைக்கு உசுரோட வரப்போறான்னு தெரிஞ்சுக்கிட்டு எவளாச்சும் வெள்ளையில நிப்பாளா? ஒங்க பொண்டாட்டியக் கேட்டுட்டு வந்து பேசுங்க” என்றாள் அத்தை. கேட்டு வர யாரும் போகவில்லை.

காமன் எழும்பினான். கொழுந்தும் வந்தது. அடுத்த மாசிக்குள் லயத்தில் பிள்ளைகளும் குறைவில்லாமல் வந்தார்கள், எங்கள் வீட்டுக்கே ஒரு தம்பி. தலையணைகளின் விலைக்கு வழி பண்ணுவதை டைவர் ஐயா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஆனால் ஜுனைதீன் நானாவுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம், “தண்ணில மெதக்கிற தலகாணி!” என்று தோட்டம் தோட்டமாகக் கூவுவதற்கு ஒரு வாசகம் கிடைத்ததுதான். மலை உச்சியில் படுக்கிறவனுக்கு மிதக்கிற தலகாணி எதற்கு என்று ஹாலிஎலப் பக்கம் யாரோ கேட்டார்களாம். “மலைக்கு மேல வெள்ளம் வந்தா அப்ப என்னைத் தேடுவீங்க” என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

கண்டாக்கையா அடுப்பு மூலையில் கொழுந்துக் கூடைக்குள் கிடந்தது. முதல் நாட்களில் அது அலகைத் திறக்கவே இல்லை. மாமா மலையிலிருந்து வந்ததும் கூடைக்குப் பக்கத்தில் உட்காருவார். அதுவும் பேசாது, அவராலும் பேச முடியாது.

“கறிக்கு மஞ்சள் அரைக்கவா மாமா?” என்று நான் தினமும் கேட்டுவைத்தேன். கானில் நத்தைகள் நிறையக் கிடந்தன. எனக்கு வேறு வேலையும் இல்லாததால் பொறுக்கிக் கொண்டுவந்து கூடையில் போட்டேன். ஒரு நாள் அது நத்தையை விழுங்கிவிட்டு, தலையை முதுகுக்குத் திருப்பி, வால் பக்கம் அலகைத் தேய்த்து, ஓர் இறகைக் கோதியது. மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். சந்தோஷத்தில் அவருக்கு அப்படித்தான் வரும்.

குளத்துக்குக் கொண்டுபோன அன்று, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் தாங்கித் தண்ணீரில் வைத்தார். கையை எடுத்தார். அது சாய்ந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுமுறையும் சாய்ந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, கையை எடுத்தபோது அது நிமிர்ந்தே இருந்தது. நெஞ்சை முன்னே தள்ளி ஒரு வட்டம் போட்டு, நடுக்குளத்துக்குப் போனது. மாமா இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையும் ஏந்தியபடி நின்றார். விறகு பொறுக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அத்தை கரையில் நின்றாள். நான் அவள் பொறுக்காத விறகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்டாக்கையா திடீரென்று தலைகீழாக முங்கியது.

தண்ணீர் மூடிக்கொண்டது. வட்டங்கள் விரிந்து கரைக்கு வந்தன. மாமா ஓரடி முன்னால் வைத்தார். அத்தை என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வளையல் ஒன்று நொறுங்கியது, என்னுடையது.

முதலில் வால் வந்தது. பிறகு முதுகு. அதன்மேல் தண்ணீர் ஒட்டவில்லை, முத்து முத்தாக உருண்டு விழுந்தது. கடைசியாகத் தலை வந்தது, அலகில் ஒரு கொத்துப் பாசியோடு.

“சனியன்” என்றாள் அத்தை. “கொஞ்சம் சீக்கிரமா எந்திரிச்சா என்னாவாம்?”